பாதி பழசு, பாதி புதுசு: இளம் கடற்காகத்தின் முதல் இறகு மாற்றம்

கடற்கரையில் ஒரு கடற்காகக் கூட்டத்தைப் பார்த்தால் முதலில் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையும் சாம்பலுமாகத்தான் தெரியும். கொஞ்சம் நின்று பார்த்தால் வித்தியாசங்கள் கண்ணில் படும். ஒன்றின் சிறகில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இன்னொன்று எழும்பிப் பறக்கும்போது வால் நுனியில் கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரியும். பறவை பார்க்கத் தொடங்கும் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்: இது வேறு இனமா, இல்லை பெண் பறவையா?

இரண்டும் இல்லை. கடற்காகங்களில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம்தான். ஆண் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவே. நீங்கள் பார்த்த பழுப்பு, வயதைக் காட்டுகிறது. அந்தப் பறவை பிறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. தன் முதல் இறகு மாற்றத்தை அண்மையில்தான் முடித்திருக்கிறது, அல்லது இன்னும் முடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், கடற்காகங்களைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழகக் கடற்கரையில் குளிர்காலத்தில் அதிகம் பார்க்கக் கிடைப்பது பழுப்புத்தலைக் கடற்காகம். பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மன்னார் என்று பல இடங்களில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அதனால் அதையே முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பெரிய கடற்காகங்களுக்குப் பின்னால் வருவோம். அவற்றின் கதை நீளம்.

முதலில் இறகைப் பற்றி ஒரு அடிப்படை விஷயம். இறகு தோலிலுள்ள ஒரு சிறு குழியிலிருந்து வளர்கிறது. வளரும் காலத்தில் மட்டும் அதற்குள் ரத்தம் ஓடும், நிறமிகள் சேரும். முழு நீளம் வந்ததும் ரத்த ஓட்டம் நின்று, இறகு உயிரற்ற பொருளாகிவிடும். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதிலும் இருக்கிறது. ஆகவே வளர்ந்து முடிந்த ஓர் இறகால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. கிழிந்தால் ஒட்டாது, வெளுத்தால் மறுபடி கறுக்காது. அதைச் சரிசெய்ய ஒரே வழி, அதே குழியில் புதிய இறகு முளைத்துப் பழையதை வெளியே தள்ளுவதுதான். இதைத்தான் இறகுதிர்வு என்கிறோம். பறவை பார்ப்பவர்கள் பேச்சில் ‘மோல்ட்’ என்பார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஓர் இறகின் நிறமும் கோலமும் அது வளர்ந்த சில வாரங்களில் உடம்பு இருந்த நிலையைப் பொறுத்து அமைகின்றன. ஹார்மோன்களின் அளவு, பறவையின் வயது, கிடைத்த தீனி எல்லாம் அதில் சேரும். அப்போது பதிந்ததை இறகு உதிரும்வரை மாற்ற முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடற்காகங்களிடம் போகும்போது தேவைப்படும்.

லடாக்கில் முதல் செட்

பழுப்புத்தலைக் கடற்காகம் இனப்பெருக்கம் செய்வது மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில். திபெத் பீடபூமி, பாமிர், நம் நாட்டில் லடாக். சோ மோரிரி, சோ கர் போன்ற ஏரிகள் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கடற்காகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, கடலே கண்ணில் படாத இடத்தில் பிறக்கிற பறவை. கோடை குறுகியது. ஏரிகளில் பனி உருகியதும் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மறுபடி குளிர் இறங்குவதற்குள் குஞ்சுகளைப் பறக்கவைத்தாக வேண்டும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சின் உடம்பில் மென்மையான தூவி மட்டுமே இருக்கும், கரும்புள்ளிகளோடு. ஓரிரு வாரங்களில் அந்தத் தூவியின் அடியிலிருந்து முதல் உண்மையான இறகுகள் முளைக்கத் தொடங்கும். இரண்டும் ஒரே குழியிலிருந்து வருவதால், புதிய இறகின் நுனியில் பழைய தூவி சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையிலும் கழுத்திலும் பஞ்சு தொங்க, முதுகில் ஒழுங்கான இறகோடு நிற்கும் குஞ்சைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தூவியிலிருந்து இறகுக்கு மாறும் இதையே முதல் மோல்ட் என்று கணக்கு வைக்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. நடைமுறையில் பெரும்பாலானவர்கள் முதல் இறகு மாற்றம் என்று சொல்வது இதற்கு அடுத்ததைத்தான். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த முதல் செட் இறகுகளை ‘ஜுவனைல்’ இறகுகள் என்பார்கள். பழுப்புத்தலையின் குஞ்சில் முதுகும் தோளும் இஞ்சிப் பழுப்பு. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வெளிர் விளிம்பு இருப்பதால் மீன் செதில் அடுக்கியது போன்ற ஒழுங்கு தெரியும். தலையிலும் கழுத்தின் பக்கங்களிலும் பழுப்புப் பூச்சு. வாலில் கறுப்புப் பட்டை. தரையில் கூடு கட்டும் பறவையின் குஞ்சுக்கு இந்த நிறம் நல்ல மறைப்பு. இளம் பறவை என்று நிறமே சொல்லிவிடுவதால் பெரிய பறவைகள் அதைப் போட்டியாக எண்ணி விரட்டுவது குறையும் என்ற விளக்கமும் உண்டு.

முதல் செட்டில் கவனிக்க வேண்டிய தன்மை ஒன்று இருக்கிறது. எல்லா இறகுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வளர்கின்றன. அதன்பின் அந்தப் பறவையின் வாழ்நாளில் அப்படி நடக்கப்போவதில்லை. இதற்கு அழகான தடயம் வாலில் கிடைக்கும். குஞ்சு சில நாள் சரியாகத் தீனி கிடைக்காமல் தவித்திருந்தால், அந்த நாட்களில் வளர்ந்த பகுதியில் மெல்லிய கோடு விழும். எல்லா வால் இறகுகளும் சேர்ந்து வளர்ந்ததால், வாலை விரித்தால் அந்தக் கோடு எல்லா இறகுகளிலும் ஒரே நேர்வரிசையில் தெரியும். வளர்ந்த பறவையில் இறகுகள் வெவ்வேறு நாளில் முளைப்பதால் கோடுகள் அப்படி வரிசையாக அமையாது. பறவைகளைப் பிடித்து வளையம் இடுபவர்கள் வயது கணிக்க இதையும் பார்ப்பதுண்டு.

ஒரே நேரத்தில் வளர்வதில் விலையும் இருக்கிறது. சில வாரங்களில் எலும்பும் தசையும் வளர வேண்டும், அதோடு ஆயிரக்கணக்கான இறகுகளும் வளர வேண்டும். இருக்கிற புரதத்தைப் பங்குபோட்டால் உடம்பை மூடும் இறகுகள் தளர்வாகவும் மெலிதாகவும்தான் வரும். அவசரத்தில் போட்ட முதல் செட். கூட்டிலிருந்து கிளம்ப அது போதும். ஒரு வருடம் தாங்காது.

எது மாறுகிறது, எது மாறவில்லை

பறக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே முதல் இறகு மாற்றம் ஆரம்பித்துவிடும். பழுப்புத்தலையும் அதன் நெருங்கிய உறவான கருந்தலைக் கடற்காகமும் இதில் வேகமானவை. ஆகஸ்ட், செப்டம்பரில் பெரும்பகுதி முடிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் நம் கரைக்கு வரும்போது அந்த இஞ்சிப் பழுப்பு முதுகை அநேகமாகப் பார்க்க முடியாது. முதல் செட்டை முழுசாக அணிந்த பழுப்புத்தலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லடாக்குக்குத்தான் போக வேண்டும்.

மாறுவது தலை, கழுத்து, மார்பு, வயிறு, முதுகு, தோள். அதாவது உடம்பு. தலை வெள்ளையாகி, கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளி ஒன்று மிஞ்சும். முதுகும் தோளும் வளர்ந்த பறவையைப் போலவே வெளிர் சாம்பலாகிவிடும். சிறகை மூடியிருக்கும் சிற்றிறகுகளில் சிலவும் மாறலாம்.

மாறாமல் இருப்பது சிறகும் வாலும். பறக்கப் பயன்படும் நீண்ட இறகுகள் அத்தனையும் லடாக்கில் முளைத்தவைதான். சிறகின் நடுவே பழுப்புத் திட்டாகத் தெரியும் சிற்றிறகுகளும், வால் நுனிப் பட்டையும் அப்படித்தான். தீபாவளிக்குச் சட்டை மட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்து, கால்சட்டையைப் பழையதையே போடச் சொன்ன பையனின் கோலம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் புரியும், சேர்த்துப் பார்க்கும்போதுதான் விசித்திரம். வளர்ந்த பறவையின் முதுகும் குஞ்சின் சிறகும் ஒரே உடம்பில்.

கூட்டத்தில் இளம் பறவையைக் கண்டுபிடிக்க இந்தப் பொருத்தமின்மையைத் தேடினால் போதும். பறவை உட்கார்ந்திருக்கும்போது சாம்பல் முதுகுக்குக் கீழே, மடித்த சிறகில் பழுப்புத் திட்டு. சிறகின் பின்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால் மேலே கவிந்து கிடக்கும் பெரிய இறகுகள் — டெர்ஷியல் என்பார்கள் — கரும்பழுப்பாக, ஓரத்தில் மட்டும் வெளிறி இருக்கும். வளர்ந்த பறவையில் அந்த இடமும் சாம்பல்தான். பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் கறுத்த பட்டை, வால் நுனியில் கறுப்புப் பட்டை. வளர்ந்த பழுப்புத்தலையின் கறுப்புச் சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று இருக்கும், ‘மிரர்’ என்பார்கள். இளம் பறவையின் நுனி முழுக் கறுப்பு.

இறகோடு சேராத ஓர் அடையாளமும் உண்டு: கண். வளர்ந்த பழுப்புத்தலையின் கருவிழி வளையம் வெளிறி இருக்கும், பார்வையில் ஒரு கடுகடுப்பு தெரியும். இளம் பறவையின் கண் கறுப்பு, முகம் சாதுவாகத் தோன்றும். அலகும் காலும் கூட இன்னும் முழுச் சிவப்புக்கு வந்திருக்காது. இவற்றுக்கும் இறகுதிர்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தோலும் கண்ணும் உயிருள்ள பகுதிகள், அவை மெல்ல மெல்ல நிறம் மாறும்.

ஏன் பாதியோடு நிறுத்திக்கொள்கிறது

உடம்பை மாற்றியதுதான் மாற்றியது, சிறகையும் சேர்த்து மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் செலவுக் கணக்கு வருகிறது. சிறகின் பறப்பிறகுகள் நீளமானவை, தடித்தவை. அவற்றை வளர்க்க நிறையப் புரதமும் நேரமும் வேண்டும். வாத்துகள் பறப்பிறகு அத்தனையையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் தண்ணீரில் பதுங்கியிருக்கும். கடற்காகத்தின் பிழைப்பு அப்படி இல்லை. அது தினமும் பறந்தால்தான் சாப்பாடு. அதனால் பறப்பிறகுகளை ஒவ்வொன்றாக, இரண்டு சிறகிலும் ஒரே வரிசையில் மாற்றும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பறக்கவே இப்போதுதான் கற்றுக்கொண்ட, மீன் பிடிக்கச் சரியாகத் தெரியாத, இமயமலையைத் தாண்டித் தெற்கே வர வேண்டிய ஒரு குஞ்சு அந்த வேலையில் இறங்கினால் வழியிலேயே விழும்.

அதோடு, சிறகின் நீண்ட இறகுகள் முதல் செட்டிலேயே ஓரளவு உறுதியாகத்தான் வளர்ந்திருக்கும். ஒரு வருடம் இழுத்துக்கொண்டு போகலாம். அவசரமாக மாற்ற வேண்டியது குளிர் தாங்காத உடம்பு இறகுகளை. ஆக, மலிவான செலவை இப்போதே செய்துவிட்டு, பெரிய செலவை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கிறது. தெளிவான சிக்கனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இறகு உதிராமலே நிறம் மாறும்

ஆரம்பத்தில் எல்லோரும் இடறும் இடம் இது. நவம்பரில் பார்த்த இளம் பறவையையும் மார்ச்சில் பார்க்கும் இளம் பறவையையும் ஒப்பிட்டால் சிறகின் பழுப்பு வெகுவாக வெளிறியிருக்கும். செதில் கோலம் காணாமல் போயிருக்கும். ‘அப்போ சிறகும் மாறிவிட்டதா?’ இல்லை. ஓர் இறகு கூட உதிரவில்லை. வெயிலும் உப்பும் மணலும் செய்த வேலை அது.

மெலனின் என்ற கரும் நிறமி இறகுக்கு நிறம் தருவதோடு உறுதியையும் தருகிறது. மெலனின் குறைந்த வெளிர் பகுதிகள் சீக்கிரம் தேயும். பல கடற்காகங்களுக்குச் சிறகு நுனி கறுப்பாக இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதிகம் உராயும் இடம் நுனிதானே. இளம் பறவையின் சிற்றிறகுகளில் வெளிர் விளிம்பு முதலில் தேய்ந்து உதிர்ந்துவிடும். செதில் கோலத்தை உண்டாக்கியதே அந்த விளிம்புதான், எனவே கோலமும் போய்விடும். மிச்சமிருக்கும் பழுப்பு வெயிலில் வெளுக்கும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் மணல்திட்டில் நாள் முழுக்க நிற்கிற பறவைக்கு இது வேகமாகவே நடக்கும்.

ஆகவே பழுப்பு குறைந்திருக்கிறதே என்று பறவைக்கு வயது கூட்டிவிடக் கூடாது. நிறத்தைவிட இறகின் விளிம்பை நம்பலாம். பழைய இறகின் விளிம்பு பிய்ந்து, ஒழுங்கில்லாமல், கூராகத் தெரியும். புதிய இறகு அகலமாக, உருண்ட நுனியோடு, மழமழவென்று இருக்கும். ஒரே பறவையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், எல்லை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். முதல் வருடப் பறவையில் அந்த எல்லை பெரும்பாலும் தோளுக்கும் சிறகுக்கும் நடுவில் ஓடும்.

வசந்தத்தில் இன்னொரு சின்ன மாற்றமும் உண்டு. மார்ச், ஏப்ரலில் வளர்ந்த பறவைகள் தலை இறகுகளை மாற்றி, பெயருக்கேற்ற பழுப்பு முகமூடியோடு வடக்கே கிளம்பும். இளம் பறவைகளும் தலை இறகுகளை மாற்றப் பார்க்கும், ஆனால் பலவற்றில் அது அரைகுறையாக நிற்கும்: நெற்றியில் வெள்ளை, கன்னத்தில் பழுப்பு, கழுத்தில் திட்டு. சில பறவைகளில் முகமூடி கிட்டத்தட்ட முழுசாகவே வந்துவிடும். முகமூடியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அப்போதும் சிறகும் வாலும் பழைய லடாக் இறகுகள்தான்.

பெரிய கடற்காகங்கள்

பழுப்புத்தலை போன்ற சிறிய இனங்கள் இரண்டாவது குளிர்காலத்திலேயே வளர்ந்த பறவையின் கோலத்துக்கு வந்துவிடும். பெரிய இனங்களுக்கு நான்காவது வருடம் வரை ஆகும். இவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டது ஐரோப்பாவின் ஹெர்ரிங் கடற்காகம். அது நம் கரைக்கு வருவதில்லை. இங்கிலாந்து, நெதர்லாந்து, டென்மார்க் பக்கத்துத் துறைமுகங்களில் மீன்பெட்டியைச் சுற்றி அலறுவது அதுதான். குஞ்சு அலகில் கொத்தித் தீனி கேட்பதை நிகோ டின்பெர்கன் ஆராய்ந்ததும் இந்த இனத்தில்தான். 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

ஹெர்ரிங்கின் குஞ்சு ஜூலையில் பறக்கத் தொடங்கும்போது தலையிலிருந்து வால்வரை பழுப்பு, அலகும் கண்ணும் கறுப்பு. முதல் இறகு மாற்றம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கி, குளிர்காலம் முழுக்க மெதுவாக ஊர்ந்துகொண்டே போகும். இங்கும் உடம்புதான் மாறுகிறது, சிறகும் வாலும் நிற்கின்றன. ஆனால் புதிதாக வரும் தோள் இறகுகள் சாம்பல் நிறத்தில் வருவதில்லை. மங்கிய பழுப்பில் குறுக்குப் பட்டைகளோ, நங்கூர வடிவக் கோடுகளோ போட்ட இரண்டாவது செட்டாகத்தான் வரும். பழுப்புக்குப் பதில் வேறு பழுப்பு. புதியவர்கள் கண்ணுக்கு எதுவும் மாறாதது போலவே இருக்கும்.

முன்னே சொன்ன விஷயம் இங்கே உதவும்: இறகு வளரும் நேரத்து உடல்நிலைதான் கோலத்தைத் தீர்மானிக்கிறது. செப்டம்பரில் முளைத்த தோள் இறகு குஞ்சு இறகின் சாயலிலேயே இருக்கும். அதே தோளில் ஜனவரியில் முளைத்தது கொஞ்சம் சாம்பல் கலந்து, எளிய கோலத்தோடு இருக்கும். ஒரே பறவையின் தோளிலேயே இந்த வேறுபாடு என்றால், சீக்கிரம் தொடங்கிய பறவைக்கும் தாமதமாகத் தொடங்கிய பறவைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று யோசியுங்கள். ஒரே கூட்டில் பிறந்த இரண்டு கூட டிசம்பரில் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. கையேட்டில் இருக்கும் ஒற்றைப் படத்தோடு கரையில் நிற்கும் பறவை ஒத்துப்போகவில்லை என்று பலர் திகைப்பதற்கு இதுதான் காரணம்.

நம் கரைக்கு வரும் பெரியவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ரஷ்யாவின் வடகோடித் துந்திரப் பகுதியில் பிறந்து வரும் ஹியூக்லின் கடற்காகம். பலரும் இதைச் சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் ஒரு துணையினமாகவே கணக்கிடுகிறார்கள். இதன் இளம் பறவை ஹெர்ரிங்கைப் போலவே பழுப்புக் கட்சி. மற்றொன்று பல்லாஸ் கடற்காகம் என்னும் பெரிய கருந்தலைக் கடற்காகம். மத்திய ஆசிய ஏரிகளிலிருந்து வருவது, கடற்காகங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. உருவம் பெரிதாக இருந்தும் இதன் இளம் பறவை முதல் குளிர்காலத்திலேயே முதுகைச் சாம்பலாக்கிவிடும். வால் பட்டை மையால் கோடிழுத்தாற்போலக் கச்சிதமாக இருக்கும். அதனால் தனுஷ்கோடியிலோ மன்னாரிலோ இரண்டின் இளம் பறவைகளும் பக்கத்தில் நின்றால், வயது ஒன்றுதான் என்று நம்புவது கடினம்.

தூரமும் கணக்கை மாற்றும். பால்டிக் கடலோரம் பிறக்கும் சிறிய கருமுதுகுக் கடற்காகங்கள் பறக்கத் தொடங்கியதும் வெகு சீக்கிரம் கிளம்பி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகின்றன. பயணத்துக்கு முன் இறகு மாற்ற நேரம் கிடையாது. போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். அங்கே வெப்பமும் தீனியும் தாராளம் என்பதால் அவற்றில் பல, உடம்போடு நிற்காமல் பறப்பிறகுகளையும் முதல் குளிர்காலத்திலேயே மாற்றிவிடுகின்றன. வடக்கிலேயே தங்கிவிடும் ஹெர்ரிங் இதைச் செய்வதில்லை. நம் பக்கம் வரும் ஹியூக்லின்களிலும் சில இப்படி முந்திக்கொள்ளும். சிறகும் வாலும் முதல் வருடம் மாறாது என்பது நல்ல விதி, ஆனால் வெப்பநாட்டுக்கு வரும் நெடும்பயணிகளிடம் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும்.

பெயரிடும் முறையைப் பற்றி ஒரு சொல். இதுவரை சொன்ன உடம்பு மாற்றம் முடிந்த பறவையை ‘ஃபர்ஸ்ட் வின்டர்’ என்று கையேடுகள் சொல்லும். ராமேஸ்வரம் வெயிலில் வியர்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லும்போது சிரிப்பு வரும். பருவகாலத்தை நம்பாமல் இறகு மாற்றங்களை மட்டும் வைத்துப் பெயரிடும் முறையை 1959-இல் ஹம்ப்ரி, பார்க்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பறவையியலாளர்கள் முன்வைத்தார்கள். 2003-இல் ஸ்டீவ் ஹோவெல்லும் சகாக்களும் அதைத் திருத்தி, முதல் வருடத்தில் மட்டும் கூடுதலாக நுழையும் ஒரு மாற்றத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். நாம் பேசிவரும் இந்தப் பாதி மாற்றம் அந்தக் கூடுதல் கணக்கைச் சேர்ந்தது. பெரிய கடற்காகங்களில் அதை எங்கே வைப்பது என்று இன்னும் வாதம் நடக்கிறது. தொடக்க நிலையில் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். முதல் செட் இறகிலிருந்து முதல் முழு மாற்றம் தொடங்கும்வரை உள்ள காலத்தை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு, ‘முதல் சுற்றுப் பறவை’ என்று சொன்னால் போதும்.

சுற்று முடிவது எப்போது

முதல் சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குத் துல்லியமான அடையாளம் ஒன்று இருக்கிறது. சிறகின் வெளிப்பாதியில் கண்ணுக்குத் தெரியும் நீண்ட பறப்பிறகுகள் பத்து. அவற்றில் உள்ளே கடைசியாக இருப்பது, பறவைக்கு ஏறக்குறைய ஒரு வயதாகும்போது உதிரும். ஹெர்ரிங்கில் இது ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். பறக்கும்போது சிறகின் நடுவில் ஒரு சந்து தெரியும். அங்கிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாக மாறி, நுனியிலுள்ள பத்தாவது இறகு முழுசாக வளரும்போது இலையுதிர் காலம் வந்திருக்கும். இடையில் வாலும், உடம்பும், சிற்றிறகுகளும் எல்லாமே மாறும். இதுதான் முழு மாற்றம். ஜூலை மாதத்து ஒரு வயதுப் பறவை பார்க்கவே பாவமாக இருக்கும்: வெளுத்துக் கந்தலான பழைய இறகுகளுக்கு நடுவே புதியவை கறுப்பாக முளைத்துக்கொண்டிருக்கும்.

பழுப்புத்தலைக்கு இந்த முழு மாற்றத்தோடு குழந்தைப் பருவம் முடிந்தது. வால் பட்டை போய்விடும், சிறகுத் திட்டு போய்விடும், நுனியில் மிரர்கள் வந்துவிடும். மிஞ்சினால் எங்கோ ஒரு சிற்றிறகில் கரும்புள்ளி இருக்கலாம். இரண்டாவது அக்டோபரில் அது நம் கரைக்கு வரும்போது பத்து வயதுப் பறவையிடமிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். ஹெர்ரிங்குக்கும் ஹியூக்லினுக்கும் இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கும். முதுகில் சாம்பல் திட்டுத் திட்டாகச் சேரும், அலகின் அடிப்பகுதி வெளிறும், கண் நிறம் மாறும், மெல்ல மெல்லத்தான்.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரி நல்ல காலம். மீன் இறக்கும் இடங்களில் பறவைகள் மனிதருக்குப் பழகியிருப்பதால் சாதாரண கேமராவே போதும். தலையை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தால் வயதுக் கணக்குக்குப் பயன் குறைவு. உட்கார்ந்திருக்கும் பறவையைப் பக்கவாட்டில், தோளும் மடித்த சிறகும் டெர்ஷியலும் ஒரே சட்டத்தில் விழும்படி எடுங்கள். அதே பறவை எழும்பும்போது, சிறகும் வாலும் விரிந்த நிலையில் இன்னொன்று. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வால் பட்டையும் பின்விளிம்புப் பட்டையும் மங்கலான படத்திலும் தெரியும். அப்புறம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எது தேய்ந்தது, எது உதிர்ந்து முளைத்தது என்று பிரிப்பதற்குத் தேதி இல்லாமல் வழியில்லை.